81 கட்டம், 10 நிமிடம்: நேரக் கெடு வைத்த சுடோகுவை ஆடும் முறை

சிவகாசியில் நாள்காட்டி அச்சாகும் இடத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. 22 ஆண்டுகள் ஆகின்றன. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியாகும் என்பதால், அதற்கு முந்தைய ஆறேழு வாரங்கள் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் என்று பொழுது முழுவதும் எண்களிலேயே கழியும். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் அப்போதும் என் கண் எண்களைத்தான் தேடும். கைபேசியில் சுடோகு ஆடத் தொடங்கியது அப்படித்தான். நேரக் கெடு இல்லாத ஆட்டங்களில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. 10 நிமிடம் என்று மேலே ஒரு கடிகாரம் இறங்கத் தொடங்கியதும், தெரிந்த வழிகளெல்லாம் மறந்து கை நடுங்கியது. அதைச் சரிசெய்ய எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் குறிப்பேட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

சொற்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ஓர் எண் எழுதும் இடம் கட்டம். இடமிருந்து வலமாக ஓடும் ஒன்பது கட்டங்கள் வரிசை. மேலிருந்து கீழாக ஓடுபவை நெடுவரிசை. மூன்றுக்கு மூன்றாக அமைந்த ஒன்பது கட்டங்கள் சேர்ந்தது பெட்டி. ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை மட்டுமே வர வேண்டும்.

இந்தப் புதிர் பிறந்தபோது அதற்குக் கடிகாரமே கிடையாது. 1979-இல் அமெரிக்காவின் டெல் பத்திரிகையில் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கிய வடிவில் அது வந்தது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி பத்திரிகை அதை எடுத்து, எண்கள் தனித்தே இருக்க வேண்டும் என்ற பொருளில் பெயர் வைத்தது. காகிதத்தில் வாங்கி, ரயிலிலோ திண்ணையிலோ வைத்து, தோன்றும்போது எழுதும் புதிர் அது. 2006-இல் இத்தாலியின் லூக்கா நகரில் முதல் உலகச் சுடோகு போட்டி நடந்தபோது கடிகாரமும் ஆட்டத்தின் பகுதியானது. கைபேசி வந்த பிறகோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு போட்டி மண்டபம் வந்துவிட்டது. ஆகவே, நேரம் பார்த்து ஆடுவது தனியாகப் பழக வேண்டிய வித்தை. சுடோகு நன்றாகத் தெரிந்தவருக்கும் அது தானாக வந்துவிடாது.

உங்கள் முன் இருப்பது எந்தக் கடிகாரம்?

முதல் வேலை இது. எல்லாக் கடிகாரமும் ஒன்றல்ல. சில செயலிகளில் நேரம் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு ஆனாலும் புதிர் மூடாது. உங்கள் பதிவு மட்டும் நீளும். சிலவற்றில் 10 நிமிடத்திலிருந்து இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இன்னும் சிலவற்றில் கடிகாரத்தோடு கூட மூன்று தவறு என்ற வரம்பும் இருக்கும். இதுவும் மறைமுகமான நேரக் கெடுதான். அவசரத்தில் மூன்று முறை தவறினால் மீதி நிமிடங்கள் பறிபோகும் அல்லவா? நேருக்கு நேர் ஆட்டங்களில் கெடு எதிராளியின் விரலில் இருக்கிறது. போட்டிகளிலோ ஒரே நேர அளவுக்குள் பல புதிர்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்திருப்பார்கள்.

ஏறும் கடிகாரத்தில் தவறு செய்தால் அரை நிமிடம் போகும், அவ்வளவுதான். மூன்று தவறு வரம்பில் அதே தவறு ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இரண்டையும் ஒரே வேகத்தில் ஆடக் கூடாது. ஏறும் கடிகாரத்தில் தைரியமாகப் போகிறேன். தவறு வரம்பு இருந்தால் ஒவ்வோர் எண்ணையும் போடும் முன் வரிசை, நெடுவரிசை, பெட்டி மூன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். அதற்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆவதில்லை.

தினப் புதிருக்கு இன்னொரு கெடு உண்டு: நாள் எப்போது மாறுகிறது என்பது. இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு செயலியில் 143 நாட்கள் விடாமல் தினப் புதிரை முடித்து வந்தேன். ஒருநாள் விடியற்காலை 5 மணிக்குத் திறந்தால், இன்றைய புதிர் முடிந்துவிட்டது என்று காட்டியது. அது முந்தைய இரவு நான் முடித்த புதிர்தான். அந்தச் செயலிக்குப் புது நாள் பிறப்பது உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30-க்கு. அது எனக்குத் தெரியாது. அன்று ஆடி மாதத்து வேலை நெருக்கடி. இரவு முழுவதும் அச்சகத்தில் இருந்தேன். மறுநாள் காலை 6 மணிக்குத் திறந்தபோது தொடர்ச்சி அறுந்திருந்தது. நிறைய செயலிகள் கைபேசியின் உள்ளூர் நேரத்தையே பார்க்கும். உங்களுடையது எது என்பதை இரவு 12 மணிக்கு ஒருமுறை, காலை 5.30-க்கு ஒருமுறை திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியப் போட்டிகளின் நேரத்தையும் இப்படியே மாற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 6 என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30, அவர்கள் கடிகாரத்தை முன் தள்ளிவைக்கும் கோடையில் 9.30.

கடிகாரத்தைச் சோதித்துப் பாருங்கள்

புதிய செயலி எதையும் நான் உடனே ஆடுவதில்லை. எளிய புதிர் ஒன்றைத் திறப்பேன். சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒரு நிமிடம் வெளியே வந்து, வேறு செயலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். கடிகாரம் நின்றிருக்கிறதா, ஓடியிருக்கிறதா? பிறகு திரையை அணைத்து ஒரு நிமிடம். பிறகு இணைய இணைப்பைத் துண்டித்து ஒரு நிமிடம். இந்த மூன்று நிமிடச் சோதனை பின்னால் பல மணி நேர வருத்தத்தைத் தவிர்க்கும். கைபேசியிலேயே ஓடும் கடிகாரம் பெரும்பாலும் நாம் வெளியே போனால் நிற்கும். வழங்கியில், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்களின் கணினியில் ஓடும் கடிகாரம் நிற்காது. போட்டித் தளங்களில் இரண்டாவது வகைதான். அங்கே நடுவில் மின்சாரம் போனாலும் உங்கள் நேரம் போய்க்கொண்டே இருக்கும். அதுவரை போட்ட எண்கள் சேமிக்கப்பட்டிருக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இடைநிறுத்தம் என்ற பொத்தான் இருக்கும் இடத்தில், அதை அழுத்தினால் பலகை மறைகிறதா என்று பாருங்கள். மறைய வேண்டும், அதுதான் நேர்மை. மறையாவிட்டால் அந்த ஆட்டத்தின் பதிவுகளுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. விளம்பரம் பார்த்தால் கூடுதலாக 2 நிமிடம் தருகிறோம், காசு கொடுத்தால் 5 நிமிடம் தருகிறோம் என்று கேட்கும் செயலிகளிலும் அப்படித்தான். கூடுதல் நேரம் ஆளுக்குத் தேவைப்பட்டால் அது செயலியின் அமைப்புகளில் இலவசமாக இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நேரம் எங்கே போகிறது?

26 எண்கள் கொடுக்கப்பட்ட ஒரு புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 55 கட்டங்களை நாம் நிரப்ப வேண்டும். 10 நிமிடம் என்பது 600 விநாடி. ஒரு கட்டத்துக்கு 11 விநாடி கூட இல்லை. அதில் கட்டத்தைத் தொட்டு, எண்ணைத் தொடுவதற்கு 2 விநாடி ஆகிறது என்றால் 110 விநாடி விரலுக்கே போய்விடுகிறது. ஆகையால் விரல் வேலையைக் குறைப்பது எளிதில் கிடைக்கும் லாபம். பல செயலிகளில், எண்ணை முதலில் தேர்ந்தெடுத்து அழுத்தி வைத்துவிட்டு, அது போக வேண்டிய கட்டங்களை மட்டும் வரிசையாகத் தொடலாம். நான்கு 7-களைப் போட எட்டுத் தொடல் தேவைப்பட்ட இடத்தில் ஐந்து போதும். கணினியில் ஆடுபவர்கள் வலக் கையை எண் விசைகளிலும் இடக் கையைச் சுட்டியிலும் வைத்துப் பழகலாம். முதல் வாரம் இடக் கை முரண்டு பிடிக்கும். பிறகு பழகிவிடும்.

மீதி நேரம் கண்ணில் போகிறது. எனக்கு இது தெரிந்தது குறிப்பேட்டால்தான். ஒரு மாதம், ஒவ்வொரு புதிருக்கும் மூன்று நேரங்களைக் குறித்தேன்: முதல் 20 எண்கள் முடிந்த நேரம், கடைசி 20 எண்கள் தொடங்கிய நேரம், முடித்த நேரம். கடினம் என்று போட்டிருந்த ஒரு புதிரில் முதல் 20-க்கு 4 நிமிடம், கடைசி 20-க்கு 2 நிமிடம், நடுவில் இருந்த 15 எண்களுக்கு 8 நிமிடம். அந்த 8 நிமிடமும் நான் யோசித்துக்கொண்டு இருந்தேனா? இல்லை. ஏற்கெனவே பார்த்து ஒன்றும் கிடைக்காத பெட்டியையே நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு நாள் 3 நிமிடம், தவறாகப் போட்ட ஒரு 6-ஐக் கண்டுபிடிப்பதிலேயே போயிருந்தது. சிந்தனைக்குத் தேவைப்பட்ட நேரம் மிகக் குறைவு. பார்த்ததையே பார்த்ததும், தவறைத் தேடியதும்தான் நிமிடங்களைத் தின்றன. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் வேறு பெரிய வித்தை எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணை ஓட்டும் முறை

மெய்ப்புத் தாள் கைக்கு வந்ததும் பேனாவைத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்வார். தாளை முதலில் முழுதாகப் பார்க்க வேண்டும். புதிரிலும் முதல் 15 விநாடி நான் எதையும் தொடுவதில்லை. எந்த எண் அதிகமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பெட்டி நிறைந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். ஐந்து இடத்தில் 7 இருந்தால் அதிலிருந்து தொடங்குவேன்.

ஓர் எண்ணை எடுத்தால் அதை மூன்று பெட்டிகள் கொண்ட பட்டையாகப் பாருங்கள். மேல் பட்டையில், இடப் பெட்டியில் 7 முதல் வரிசையில் இருக்கிறது. நடுப் பெட்டியில் மூன்றாம் வரிசையில் இருக்கிறது. அப்படியானால் வலப் பெட்டியில் 7 இரண்டாம் வரிசையில்தான் வர முடியும். அங்கே மூன்று கட்டங்கள்: 7, 8, 9-ஆம் நெடுவரிசைகளில். எட்டாவதில் ஏற்கெனவே 4 எழுதியிருக்கிறது. ஒன்பதாம் நெடுவரிசையில் கீழே எங்கோ ஒரு 7 இருக்கிறது. மிஞ்சியது ஏழாவது. போடலாம். சொல்லும்போது நீளமாக இருக்கிறது. பழகிய கண்ணுக்கு 3 விநாடி. மேல், நடு, கீழ் என மூன்று பட்டை, பிறகு இடம், நடு, வலம் என மூன்று செங்குத்துப் பட்டை. ஆறு பட்டை முடிந்ததும் அந்த எண்ணை விட்டுவிட வேண்டும். கிடைக்கவில்லையே என்று நின்று தேடக் கூடாது. அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

முதல் சுற்று இப்படி 1 முதல் 9 வரை முடியட்டும். இரண்டாம் சுற்றில், முதல் சுற்றுக்குப் பிறகு பலகையில் எதுவெல்லாம் மாறியதோ அதைச் சுற்றி மட்டும் பாருங்கள். ஒன்றும் மாறாத பெட்டியில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பார்த்ததையே பார்க்கும் பழக்கம் எனக்கு நின்றது இந்த ஒரு விதியால்.

மூன்று கட்டங்கள் மட்டும் காலியாக உள்ள வரிசை வந்தால் உடனே அதை முடித்துவிடப் பாருங்கள். ஓர் உதாரணம். வரிசை இப்படி இருக்கிறது: 5, காலி, 3, 9, காலி, 1, காலி, 8, 2. என்ன இல்லை? 1 இருக்கிறது, 2 இருக்கிறது, 3 இருக்கிறது, 4 இல்லை, 5 இருக்கிறது, 6 இல்லை, 7 இல்லை, 8, 9 இருக்கின்றன. ஆக 4, 6, 7. இதை வாய்க்குள் சொல்லியே பார்க்க வேண்டும். நாள்காட்டியில் தேதி விடுபட்டிருக்கிறதா என்று நான் பார்ப்பதும் இப்படித்தான். முதல் காலிக் கட்டம் இரண்டாம் நெடுவரிசையில். அந்த நெடுவரிசையில் மேலே 4-ம் கீழே 7-ம் இருந்தால், இங்கே 6. மீதி 4-ம் 7-ம். கடைசிக் காலிக் கட்டம் இருக்கும் வலப் பெட்டியில் ஏற்கெனவே 7 இருந்தால் அங்கே 4, நடுவில் 7. வரிசை முடிந்தது. மூன்று எண்களை ஒரே பார்வையில் எடுத்தாகிவிட்டது. இப்படிப்பட்ட வரிசைகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், திரும்ப வரும்போது 4, 6, 7 என்பதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

குறிப்பெண்கள்

சின்னச் சின்ன எண்களாகச் சாத்தியங்களை எழுதி வைக்கும் வசதியை நேரக் கெடுவில் அளவோடு பயன்படுத்த வேண்டும். எல்லாக் கட்டத்திலும் எல்லாச் சாத்தியங்களையும் எழுதினால் திரை எறும்பு மொய்த்ததுபோல் ஆகிவிடும். அமெரிக்கரான தாமஸ் ஸ்னைடர் 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர்; அதில் 2008-ஆம் ஆண்டுப் போட்டி நம் கோவாவில் நடந்தது. அவர் பெயரால் வழங்கும் குறியீட்டு முறை மிக எளியது: ஒரு பெட்டிக்குள் ஓர் எண் இரண்டே இரண்டு கட்டங்களில்தான் வர முடியும் என்றால் மட்டும் அந்த இரண்டிலும் சிறிதாக எழுதுங்கள். மூன்று இடத்தில் வரலாம் என்றால் எழுதாதீர்கள்.

இதன் பலன் நடு ஆட்டத்தில் தெரியும். நடுப் பெட்டியில் இரண்டு கட்டங்களில் 2 என்று குறித்திருக்கிறீர்கள். சிறிது நேரம் கழித்து, 9-ம் அதே இரண்டு கட்டங்களில்தான் வர முடியும் என்று தெரிகிறது. இப்போது அந்த இரண்டும் 2-க்கும் 9-க்கும் சொந்தம். வேறு எந்த எண்ணும் அங்கே நுழைய முடியாது. பெட்டியின் மற்ற எண்களுக்கு இடம் சுருங்குகிறது. பெரும்பாலும் அடுத்த எண் உடனே கிடைக்கிறது. சாத்தியங்களைச் செயலியே நிரப்பித் தரும் வசதி சிலவற்றில் உண்டு. பயிற்சியில் நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். அது எப்போதும் கிடைக்காது என்பது ஒரு காரணம்; கண் சோம்பிப்போகிறது என்பது இன்னொரு காரணம்.

முட்டி நிற்கும்போது

எனக்கு நானே வைத்த கெடு 45 விநாடி. அதற்குள் புதிய எண் எதுவும் விழவில்லை என்றால் பார்க்கும் முறையை மாற்றுகிறேன். எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தால் வரிசையாகப் பார்ப்பேன். வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நெடுவரிசைக்கு மாறுவேன். நெடுவரிசைகளை நம் கண் இயல்பாகவே குறைவாகப் பார்க்கிறது, வாசிக்கும் பழக்கம் அப்படி. நான் முட்டி நின்ற இடங்களில் பாதிக்கு மேல் விடை ஏதோ ஒரு நெடுவரிசையில் கிடந்தது என்று என் குறிப்பேடு சொல்கிறது. கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பி, அல்லது என் தலையைச் சாய்த்து, நெடுவரிசையை வரிசையாக்கிப் பார்த்ததும் உண்டு. அது உதவியது.

ஊகிக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டே சாத்தியங்கள் உள்ள கட்டத்தில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது போட்டியாளர்களும் செய்வதுதான். இறங்கும் கடிகாரத்தில் 2 நிமிடமே மிச்சம் இருந்து, தவறு வரம்பு இல்லை என்றால் செய்யலாம். எங்கிருந்து ஊகித்தோம் என்பதை வேறு நிறத்தால் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வர வழி தெரியாது. தவற்றை உடனே சிவப்பில் காட்டும் செயலிகளில், அந்தச் சிவப்பைத் துணையாகக் கொண்டு விடையைப் பிடிக்கும் வழியை நான் பயன்படுத்துவதில்லை. முடித்த நிறைவு அதில் கிடைப்பதில்லை.

கடிகாரத்தை எத்தனை முறை பார்ப்பது? 10 நிமிடப் புதிரில் இரண்டு முறை போதும். முதல் சுற்று முடிந்ததும் ஒருமுறை, 20 கட்டங்கள் மிஞ்சும்போது ஒருமுறை. மறைத்துவைக்கும் வசதி இருந்தால் பயிற்சியில் கடிகாரத்தை மறைத்துவிடுங்கள்; ஓசையை அணைத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் செயலிகள் இருக்கின்றன. கவனத்தைக் கலைப்பதைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை.

அவசரத்தில் என்ன ஆகும் என்பதை நான் தொழிலில் பார்த்திருக்கிறேன். ஒரு ஜூலை மாதம், லாரி வாசலில் நிற்கிறது என்று சொன்னதால் ஒரு தாளை வேகமாகப் பார்த்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 முதல் 4.30, புதன்கிழமை 12 முதல் 1.30. இரண்டும் இடம் மாறி இருந்தன. அச்சு இயந்திரத்தில் ஏற்றும் முன் ஒரு தம்பி கவனித்துச் சொன்னான். அந்தத் தாளை நான் மேலிருந்து கீழாக மட்டும் வாசித்திருந்தேன். அன்றிலிருந்து எதையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. புதிரிலும் அதே. வரிசையாக நிரப்பியதை நெடுவரிசையாகச் சரிபார்ப்பேன், வலக் கோடியிலிருந்து இடப்பக்கமாக. நிரப்பிய திசையிலேயே சரிபார்த்தால் மனம் தான் நினைத்ததைத்தான் படிக்கும்.

கூட்டல் சுடோகு ஆடுபவர்களுக்கு

கோடு போட்டுப் பிரித்த கூண்டுகளும் அவற்றின் மூலையில் கூட்டுத்தொகையும் உள்ள கில்லர் சுடோகுவில் நேரம் கூட்டல் கணக்கில் போகும். சிலவற்றை மனப்பாடம் செய்தால் பாதி நேரம் மிச்சம். இரண்டு கட்டக் கூண்டில் 3 என்றால் 1-ம் 2-ம். 4 என்றால் 1-ம் 3-ம். 16 என்றால் 7-ம் 9-ம். 17 என்றால் 8-ம் 9-ம். மூன்று கட்டக் கூண்டில் 6 என்றால் 1, 2, 3. 7 என்றால் 1, 2, 4. 23 என்றால் 6, 8, 9. 24 என்றால் 7, 8, 9. இவற்றுக்கு வேறு வழியே இல்லை. கூடவே ஒன்று: எந்த வரிசை, நெடுவரிசை, பெட்டியின் கூட்டுத்தொகையும் 45. ஒரு பெட்டிக்குள் முழுதாக அடங்கும் கூண்டுகள் சேர்ந்து 38 என்றால், மிஞ்சிய ஒற்றைக் கட்டத்தில் 7. கடிகாரம் ஓடும்போது இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. முன்பே வாய்ப்பாடுபோல் நாவில் இருக்க வேண்டும்.

போட்டியில் இறங்குபவர்களுக்கு

இந்தியாவில் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா என்ற அமைப்பு இணையவழிப் போட்டிகளை நடத்துகிறது. உலகப் புதிர்க் கூட்டமைப்பு சுடோகு கிராண்ட் ப்ரீ சுற்றுகளை நடத்துகிறது. குறித்த சில நாட்களுக்குள் நமக்கு வசதியான நேரத்தில் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் கடிகாரம் நிற்காது. விதிமுறைக் கையேட்டை முந்தைய நாளே படித்துவிடுங்கள், எந்தெந்த வகைப் புதிர், எவ்வளவு மதிப்பெண் என்று அதில் இருக்கும். மதிப்பெண் என்பது ஏறக்குறைய அந்தப் புதிர் எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற கணிப்பு. ஆகவே மதிப்பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு 80 மதிப்பெண் புதிரில் முதலில் இறங்காதீர்கள். உங்களுக்குப் பழகிய வகையில் சிறியது ஒன்றை முதலில் முடித்தால் கை நிலைப்படும். ஒரு புதிரில் அதற்குரிய நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு போய்விட்டால் அப்படியே விட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறான விடையை அனுப்பினால் மதிப்பெண் குறையும் முறை பல போட்டிகளில் உண்டு. மேலே சொன்ன நெடுவரிசைச் சரிபார்ப்பு அங்கே கட்டாயம்.

போட்டிக்கு நான் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியைத் தேர்ந்தெடுப்பேன். அடுப்பில் எதுவும் இருக்காது; கைபேசி மௌனத்தில் இருக்கும்; மேசையில் தண்ணீரும் ஒரு வெள்ளைத் தாளும் மட்டும்.

நேரம் போதாதவர்களுக்கு

என் அக்கா விருதுநகரில் இருக்கிறாள். வயது 63. வலக் கையில் நடுக்கம். என்னைவிடத் தெளிவாக யோசிப்பவள். சுடோகுவை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான், நாளிதழில் கட்டம் வெட்டி ஒட்டி. போன ஆண்டு அவளுக்கு ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் அழைத்தாள். "நேரம் முடிந்துவிட்டது என்று சொல்கிறது பாப்பா. எனக்கு இன்னும் ஆறு கட்டம்தான் இருந்தது. விடையும் தெரியும். விரல்தான் போய்ச் சேரவில்லை."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததில், இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கு இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இதற்கு விதி இருப்பது தெரிந்தது. எண் 2.2.1. நேரக் கெடு வைத்தால், பயன்படுத்துபவர் அதைத் தொடங்கும் முன்பே அணைக்க முடிய வேண்டும்; அல்லது வழக்கமான நேரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு வரை நீட்டிக்கொள்ள முடிய வேண்டும்; அல்லது நேரம் முடியும் முன் எச்சரித்து, ஓர் எளிய தொடலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி அவகாசம் தர வேண்டும், அப்படிப் பத்து முறையாவது நீட்டிக்க இடம் இருக்க வேண்டும். நேரம் இல்லாவிட்டால் செயலே அர்த்தம் இழக்கும் இடங்களுக்கு விலக்கு உண்டு. போட்டிச் சுற்று அப்படிப்பட்டது; அதை ஏற்கிறேன். வீட்டில் தனியாக ஆடும் பயிற்சிப் புதிருக்கு அந்த விலக்கு எதற்கு?

முதலில் அமைப்புகளில் தேடுங்கள். நேரத்தைக் காட்டு, தவறு வரம்பு, நிதான ஆட்டம் என்று ஏதாவது பெயரில் இருக்கும். எழுத்தளவையும் பெரிதாக்குங்கள், கட்டம் பெரிதானால் நடுங்கும் விரலும் சரியான இடத்தில் விழும். திரையைக் கிடைமட்டமாகத் திருப்பினால் சில செயலிகளில் எண் பொத்தான்கள் பெரிதாகும். பழைய பெரிய கைக்கணினி ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே சிறந்தது. அக்காவுக்கு இப்போது அதில்தான் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், ஏறும் கடிகாரம் உள்ள வேறொரு செயலியை, கடிகாரத்தை மறைத்து.

எந்த வசதியும் இல்லை என்றால் உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். செயலியின் பக்கத்திலேயே தொடர்பு முகவரி இருக்கும். நான் அனுப்பியது இதுதான். நீங்களும் இப்படியே அனுப்பலாம்:

"உங்கள் சுடோகுவை நாங்கள் விரும்பி ஆடுகிறோம். பயிற்சி ஆட்டத்திலும் 10 நிமிடக் கெடு கட்டாயமாக இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களும் பார்வை குறைந்தவர்களும் விடை தெரிந்தும் முடிக்க முடியாமல் போகிறது. பயிற்சி ஆட்டத்தில் கெடுவை அணைக்கவோ, பத்து மடங்கு வரை நீட்டவோ ஓர் அமைப்பைச் சேர்த்துத் தாருங்கள். தரவரிசைப் பட்டியலில் அந்த ஆட்டங்களைச் சேர்க்க வேண்டாம். எந்தக் கைபேசி, எந்தப் பதிப்பு என்ற விவரம் கீழே."